நான்கு வருடம் நின்ற ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டரைப் பிரித்து மீட்ட பதிவு

வண்டி 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் நான்கு வருடம் நின்றது. டேங்கில் கால்வாசிப் பெட்ரோல், பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டிருக்கிறார்கள். புது பிளக்கும் புதுப் பெட்ரோலும் போட்டு உதைத்தால் சோக் இழுத்திருக்கும் வரை ஓடுகிறது, சோக்கை விட்டதும் அணைகிறது. ஆக்சிலேட்டரைக் கால்வாசி திருகிப் பிடித்தால் நிற்காமல் ஓடும், கையை விட்டால் போயிற்று. போதாததற்குப் பவுலுக்கு (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல்.

இந்த அறிகுறிகளைச் சொன்னதும் கடையில் கிடைக்கும் பதில், ‘கார்பை மாத்திடுங்க, புதுசு வந்திருக்கு’ என்பதுதான். மாற்ற வேண்டாம். இந்த வண்டியில் இருப்பது மிக்குனி விஎம்20 வகை, உருண்டை ஸ்லைடு. ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறிக் காற்றுக்கு வழி விடுவது ஸ்லைடு, அதில் தொங்கும் கூம்பு ஊசி நீடில், பெட்ரோலை அளந்து விடும் துளையிட்ட பித்தளைத் துண்டு ஜெட். 20 என்பது காற்று போகும் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். மலிவு விலை டூப்ளிகேட்டில் ஸ்லைடின் அடி வெட்டு ஒரு அளவு, நீடிலின் சரிவு வேறு அளவு, ஜெட்டில் பொறித்த எண் ஒன்று, ஓட்டை இன்னொன்று என்று வரும். அதை வைத்து எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஓரிடத்தில் சரியானால் இன்னோரிடத்தில் கெடும். ஸ்லைடு ஓடும் துளை தேய்ந்து போகாத வரை ஒரிஜினல் பாடியையும் ஒரிஜினல் பித்தளையையும் காப்பாற்றுவதுதான் நல்லது. அதற்குத் தேவை ஒரு நாள் வேலையும் பொறுமையும்தான்.

கார்பைத் தொடும் முன்

முதல் வேலை டேங்க். துருப் பிடித்த டேங்குக்குக் கீழே கழுவிய கார்பை மாட்டினால் இரண்டே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். பெட்ரோலை வடித்து, டேப்பைக் கழற்றி, டேங்கின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பழுப்பு நிறத்தில் வண்டல். மெல்லிய சங்கிலி ஒரு முழம் உள்ளே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, நான்கு முறை வடித்து, வெயிலில் காய வைத்ததும் தகரம் தெரிந்தது. டேப்பின் வடிகட்டி வலை கிழிந்திருந்தது. ரிசர்வ் துளையின் மேல் ஒரு படலம்.

டேப்பைத் திரும்ப மாட்டியதும் பெட்ரோல் ஓட்டத்தை அளக்க வேண்டும். ஒரு அளவுக் குப்பியில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். 98 சிசி டூ ஸ்ட்ரோக் முழு ஆக்சிலேட்டரில் குடிப்பது நிமிடத்துக்கு 100 மி.லி.க்கும் குறைவுதான். டேப் அதற்கு இரண்டு மடங்காவது தர வேண்டும். இங்கே சுத்தம் செய்யும் முன் 70, பிறகு 260. அந்த 70-ஐ வைத்துக்கொண்டு ‘மேலே இழுக்கவில்லை’ என்று, முழு ஆக்சிலேட்டருக்குப் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டை மாற்றியவர்கள் ஏராளம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். மூடியைத் திறந்து ஒரு முறையும், மூடி ஒரு முறையும் அளந்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்தது, கழற்றும் முன் குறித்து வைப்பது. ஏர் ஸ்க்ரூவை (காற்றின் அளவைச் சரிசெய்யும் திருகு) உள்ளே மெதுவாகத் திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். இதில் இரண்டேகால். நீடில் கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில்? இதில் இரண்டாவது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், இதற்கு முன் கை வைத்தவர் மைலேஜ் வேண்டும் என்று எல்லாவற்றையும் வறட்டியிருக்கிறார், அதாவது கலவையில் பெட்ரோலைக் குறைத்திருக்கிறார் என்பது புரிகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிப் பிடிப்பதற்கான வழி.

பிரித்தல்

பவுல் ஸ்க்ரூக்கள் நான்கும் ஜப்பானிய வகைப் பிளஸ் தலை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருகினால் மேலே ஏறி வந்து தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் 2-ஆம் நம்பர் பிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலைக்குச் செய்யும் முதல் செலவாக இருக்கட்டும். இறுகியிருந்தால் டிரைவரை வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு, பிறகு திருகு. ஏற்கெனவே வழிந்த தலை என்றால் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்து மைனஸ் டிரைவரால் எடுக்கலாம்.

பவுல் திறந்ததும் வாடை சொல்லிவிடும். பெயின்ட் வார்னிஷ் போன்ற புளித்த நாற்றம். அடியில் பச்சை கலந்த பழுப்பு நிறக் குழம்பு, விரலில் ஒட்டுகிறது. ஆர்எக்ஸில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) தனியாக ஆட்டோலூப் பம்பு வழியாகப் போகும், கார்புக்குள் வரக் கூடாது. இவ்வளவு பிசுபிசுப்பு இருக்கிறது என்றால் யாரோ பம்பை நிறுத்திவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியானதும் ஆயில் மட்டும் தங்கித் தார் போல ஆகிவிட்டது. சுவரோரங்களில் வெள்ளைப் பூஞ்சை போல ஒரு படிவு. அது துத்தநாகத்தின் அரிப்பு: பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுத்து வைக்கும், அந்த ஈரம் பவுலின் அடியில் தங்கி உலோகத்தைத் தின்னும்.

ஃப்ளோட்டின் (பவுலுக்குள் இருக்கும் மிதவை) அச்சுப் பின்னைத் தள்ளும்போது கவனம். ஒரு பக்கம் இறுகலாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும், தளர்வான பக்கத்துக்குத் தள்ள வேண்டும். அச்சைத் தாங்கும் இரண்டு தூண்களும் வார்ப்புத் துத்தநாகம். ஒன்று உடைந்தால் பாடியே வீண். தட்டும்போது தூணின் பின்னால் ஒரு மரக்கட்டையை அணை கொடுங்கள்.

மெயின் ஜெட்டைக் கழற்றிய பிறகு, நீடில் ஏறி இறங்கும் குழலான நீடில் ஜெட் மேல்நோக்கித்தான் வெளியே வரும். மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ வைத்துக் கீழிருந்து தள்ள வேண்டும். ஆணி வேண்டாம், உள்விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் நடு ஆக்சிலேட்டரில் அது தெரியும்.

இந்தக் கார்பில் நேரம் தின்றது, ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட். ஆழமான துளைக்குள் இருக்கும் சின்னப் பித்தளை, தலையில் ஒரு கோடு மட்டும். அந்தத் துளையின் அகலத்துக்குச் சரியாக, கோட்டின் தடிமனுக்குச் சரியாகத் தேய்த்த டிரைவர் வேண்டும். பழைய டிரைவர் ஒன்றைச் சாணைக்கல்லில் பக்கவாட்டில் தேய்த்துச் செய்துகொள்ளலாம். முதல் முயற்சியில் அசையவில்லை என்றால் பலம் காட்டக் கூடாது. கொதித்து இறக்கிய வெந்நீரில் பாடியைப் பத்து நிமிடம் போட்டு எடுத்து, உடனே துளைக்குள் பெனட்ரேட்டிங் ஆயில் இரண்டு சொட்டு. ஆறியதும் மறுபடி வெந்நீர். மூன்றாவது சுற்றில் ஜெட் ‘டிக்’ என்று விட்டது. வெப்பத்தில் துத்தநாகம் பித்தளையை விட அதிகம் விரியும், அந்த இடைவெளியில்தான் ஆயில் இறங்குகிறது. கேஸ் அடுப்புத் தீயை நேரே காட்டினால் இந்த வார்ப்பு வளையும், உருகவும் செய்யும்.

ஜெட்டை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது வெளிச்சமே இல்லை. சோக்கில் மட்டும் ஓடியதற்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கழுவுதல்

நம் பக்கத்தில் பித்தளை என்றாலே புளி. குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் அது சரி, கார்ப் பாடிக்கு வேண்டவே வேண்டாம். புளியோ எலுமிச்சையோ சிட்ரிக் ஆசிடோ, எல்லா அமிலமும் துத்தநாகத்தைக் கரைக்கும். பாடி கறுத்துப் போவதோடு, நுண்ணிய துளைகளின் விளிம்பும் அரித்துப்போகும். கழற்றி எடுத்த பித்தளை ஜெட்டை மட்டும் வேண்டுமானால் நீர்த்த சிட்ரிக் கரைசலில் பத்து நிமிடம் போடலாம், அதற்கு மேல் கூடாது.

முதல் சுற்று: ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாடியையும் பவுலையும் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊற விடுவது. காலையில் பழைய டூத் பிரஷ். தார்க் குழம்பு இதிலேயே முக்கால்வாசி போய்விடும். இரண்டாவது சுற்று: அல்ட்ராசோனிக் தொட்டி. மூக்குக் கண்ணாடிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் இருக்கும் சின்னத் தொட்டியே போதும். வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பாடியை வேறு பக்கம் திருப்பி வைத்து. ஒரே பக்கமாக வைத்தால் சந்துக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு அந்த இடம் கழுவப்படாமலே போகும்.

இங்கே ஊர் சார்ந்த ஒரு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்த் தண்ணீரின் உப்பு தெரிந்ததுதானே. குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு என்று ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டி வந்த மாவட்டங்கள் இவை. அந்தப் போர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்த கார்பில், துளைக்குள் வெள்ளைக் காரை படியும். பாத்திரத்தின் அடியில் படிவதே பைலட் துளையிலும் படிகிறது, அங்கே இடம் தலைமுடி அகலம்தான். ‘கழுவின பிறகுதான் ஐட்லிங் மோசமாச்சு’ (ஐட்லிங் என்பது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடுவது) என்று வரும் பல கார்புகளில் இதுதான் நடந்திருக்கிறது. கடைசி அலசல் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரில் இருக்க வேண்டும். அரை லிட்டர் போதும்.

உலர்த்தக் காற்று அடிக்கும்போது பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் என்றால், முதலில் குழாயைத் தரையைப் பார்த்துப் பிடித்து அரை நிமிடம் வெறுமனே அடித்துவிடுங்கள். தொட்டியில் தேங்கிய தண்ணீரும் ஆயிலும் அதில் போய்விடும்.

இனிதான் முக்கியமான சோதனை. பைலட் ஜெட் உட்காரும் துளைக்குள் கார்ப் கிளீனர் ஸ்பிரேயின் மெல்லிய குழாயை வைத்து அடித்தால் நான்கு இடத்தில் வெளியே வர வேண்டும்: ஏர் ஸ்க்ரூவின் துளை, ஃபில்டர் பக்க வாயில் உள்ள காற்றுத் துளை, ஸ்லைடுக்கு அடியில் இருக்கும் பைபாஸ் துளை, அதற்குச் சற்று எஞ்சின் பக்கமாக உள்ள ஐட்லிங் துளை. ஒவ்வொன்றாக விரலால் மூடி, மற்றதில் வேகம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் பைபாஸ் துளை வரவில்லை. மூன்று துளையில் வருகிறதே என்று விட்டிருந்தால், ஐட்லிங் நின்றிருக்கும், ஆனால் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் ஒரு திணறல் வந்து, அதற்காக ஸ்லைடையும் ஜெட்டையும் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கிளீனரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷிலிருந்து பிடுங்கிய ஒற்றை மயிரால் குத்தித் திறக்க வேண்டி வந்தது. கிளட்ச் கேபிளிலிருந்து உருவிய கம்பியை இங்கே யாரும் கொண்டுவரக் கூடாது. எஃகு பித்தளையைக் கீறும், துளை பெரிதாகும், அதன் பிறகு அந்த ஜெட்டின் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத துளை வழியே நேரே கண்ணுக்கு வரும். வேலை முழுக்க வெளியே, காற்றோட்டத்தில். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் வீட்டுக்குள் பெட்ரோல் பாத்திரம் வேண்டாம்.

பலரும் மறப்பது சோக்கின் பாதை. பவுலின் ஒரு மூலையில் ஆழமான கிணறு போல ஒன்று இருக்கும், அதன் அடியில் ஒரு நுண்துளை. சோக்குக்கான பெட்ரோல் அது வழியாகத்தான் ஏறுகிறது. பவுலை வெறும் கிண்ணம் என்று நினைத்துத் துடைத்து வைத்துவிட்டால், காலையில் பத்து உதை. சோக் பிளஞ்சரின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வட்டு உண்டு. அது கெட்டியாகிக் குழி விழுந்திருந்தால் சோக்கை இறக்கிய பிறகும் பெட்ரோல் கசிந்து கலவை கெட்டியாகும். புகை, கறுத்த பிளக், மைலேஜ் குறைவு என்று வரும் வண்டியில் மெயின் ஜெட்டைச் சின்னதாக்கும் முன் இந்த வட்டைப் பாருங்கள்.

மணல் வீசிப் பாலிஷ் செய்வது, கண்ணாடி மணி வீசுவது இரண்டும் வெளித்தோற்றத்துக்கு அழகு. ஆனால் ஒரு மணி உள்ளே தங்கினாலும் அது எப்போதாவது ஜெட்டில் வந்து உட்காரும். மங்கிய நிறத்தோடு விடுவதில் குறை ஒன்றுமில்லை.

எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது

ரப்பர் எல்லாம் புதிது: பவுல் கேஸ்கட், ஏர் ஸ்க்ரூ ஓரிங், பெட்ரோல் டியூப். பழைய வண்டிகளில் வந்த நைட்ரைல் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் உப்பி, காய்ந்ததும் வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஓரிங் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் அளவு சொன்னால் எடுத்துத் தருவார்கள், பைக் ஸ்பேர் கடையில் தேடி அலைய வேண்டாம். கேஸ்கட்டுக்குப் பதிலாக சிலிகான் பேஸ்ட் போடுவது கொடுமை. உள்பக்கம் பிதுங்கியது பெட்ரோலில் ஊறி உரிந்து நேரே மெயின் ஜெட்டுக்குப் போகும்.

ஃப்ளோட் பின் (ஃப்ளோட் ஏறியதும் சீட் என்னும் துளையில் அமர்ந்து பெட்ரோலை அடைக்கும் ஊசி, அச்சுப் பின் வேறு): கூம்பு முனையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மோதிரம் போல ஒரு பள்ளம். சொட்டியதற்கு இதுவும் காரணம், பின்னுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டியிருந்த துருத் துகளும் காரணம். சீட் திருகி எடுக்கும் வகை என்றால் பின்னும் சீட்டும் ஜோடியாக மாற்ற வேண்டும். பின்னை மட்டும் மாற்றினால் பழைய சீட்டின் தேய்மானம் புதுப் பின்னில் சீக்கிரமே பள்ளம் போடும்.

ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிப் பிடித்தபோது குமிழி வரவில்லை. சரி. குமிழி வந்தால் ஒட்டிப் பார்க்க வேண்டாம், பசையின் எடையே பெட்ரோல் மட்டத்தை மாற்றிவிடும்.

ஸ்லைடு: வெளிப்பூச்சு ஃபில்டர் பக்கம் சற்று மங்கியிருக்கிறது, அடியிலுள்ள பித்தளையின் மஞ்சள் தெரியவில்லை. பாடிக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் லேசான அசைவு, ‘கடகட’ சத்தம் இல்லை. வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து வண்டிகளில் ஸ்லைடு தேய்வதற்குக் காரணம் ஃபில்டர் ஸ்பாஞ்ச் உலர்ந்து போவது. செம்மண் சாலையும் கிரானைட் குவாரி லாரிகளும் கிளப்பும் தூசி, ஆயில் தடவாத ஸ்பாஞ்சைத் தாண்டி வந்து, அரைக்கும் பொடி போல வேலை செய்கிறது. ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, 2டி ஆயிலில் நனைத்து, முறுக்காமல் உள்ளங்கையில் அமுக்கிப் பிழிந்து போட வேண்டும்.

ஜெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கிட்’ வாங்கினால் மெயின், பைலட், நீடில் எல்லாம் வரும். எல்லாவற்றையும் போட்டுவிட ஆசை வரும். போடும் முன் ஓட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துக்கடை 50 மி.லி. சிரிஞ்சின் தள்ளுகோலை எடுத்துவிட்டு, மூக்கில் சின்ன ரப்பர் டியூப் மாட்டி, அதன் முனையில் ஜெட்டைப் பொருத்தி, மண்ணெண்ணெய் ஊற்றி 50-லிருந்து 10 வரை இறங்கும் நேரம். ஒவ்வொன்றும் மூன்று முறை. பழைய ஒரிஜினல் மெயின் ஜெட் சராசரி 93 விநாடி. கிட்டில் வந்த, அதே எண் பொறித்த புதியது 86. எட்டு சதவீதம் வேகம். எண்கள் 2.5 படியாக ஏறுவதால் 100-ஐ ஒட்டிய ஜெட்டில் இது மூன்று படிக்குச் சமம். எண்ணை நம்பிப் போட்டிருந்தால், ஒன்றுமே மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டே மூன்று படி மாற்றியிருப்போம். ஒரிஜினல் மெயின் கழுவித் திரும்பப் போனது, பைலட்டும் அப்படியே. கிட்டிலிருந்து எடுத்தது கேஸ்கட்டும் ஃப்ளோட் பின் ஜோடியும் மட்டும்.

நீடிலும் நீடில் ஜெட்டும் வேறு. அவை உரசித் தேயும். நீடிலில் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டக் கூடாது, நீடில் ஜெட்டின் வாய் வட்டமாக இருக்க வேண்டும், முட்டை வடிவம் ஆகியிருக்கக் கூடாது. இதில் இரண்டும் தேறியது. தேறாவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சேர்த்தல்

நீடில் ஜெட்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், பாடிக்குள் அதற்கான சின்ன முளை. இரண்டும் சேராமல் மெயின் ஜெட்டை இறுக்கினால் முளை உடையும். ஜெட்டுகளை இறுக்கும்போது டிரைவரின் கைப்பிடியை மூன்று விரலால் பிடியுங்கள், முழுக் கையால் அல்ல.

ஃப்ளோட் உயரம் அளக்கப் பாடியைக் கவிழ்த்து, சற்றுச் சாய்த்து, நாக்கு பின்னைத் தொடும்போது, ஆனால் பின்னின் தலையிலுள்ள ஸ்பிரிங் அமுங்காதபோது, கேஸ்கட் உட்காரும் விளிம்பிலிருந்து வெர்னியரால் அளக்க வேண்டும். முழுதாகக் கவிழ்த்து வைத்து அளந்தால் ஃப்ளோட்டின் எடை ஸ்பிரிங்கை அமுக்கித் தவறான அளவு காட்டும். சர்வீஸ் மேனுவல் எண்ணிலிருந்து இது இரண்டு மி.மீ. விலகியிருந்தது. நாக்கை வளைப்பது கண்ணுக்குத் தெரியாத அளவுதான், இங்கே துளி நகர்ந்தாலும் ஃப்ளோட்டின் முனையில் பல மடங்காகத் தெரியும். மட்டம் ஏறினால் எல்லா நிலையிலும் கலவை கெட்டி, ஓவர்ஃப்ளோ. இறங்கினால் குறைந்த ஆக்சிலேட்டரில் ஓடும், கூடுதல் ஆக்சிலேட்டரில் வறளும். ஜெட்டிங்குக்கு அடித்தளமே இந்த மட்டம்தான்.

மாட்டும் முன் மேஜையிலேயே கசிவுச் சோதனை. சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து டியூப் வழியாகக் கார்புக்கு மேலே ஒரு அடி உயரத்தில் தூக்கிப் பிடித்து, நிரம்பியதும் மட்டத்தைக் குறித்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். குறி இறங்கவில்லை.

ஸ்லைடைப் போடும்போது அடி வெட்டு ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் கோடு பாடியில் உள்ள முளையில் இறங்க வேண்டும். திருப்பிப் போட்டால் முழுதாக இறங்காது, உதைத்ததும் வண்டி கத்திக்கொண்டு ரேஸாகும். மூடியை இறுக்கியதும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விட்டு, ஸ்லைடு ‘டக்’ என்று விழும் சத்தம் கேட்ட பிறகுதான் கிக்கரில் கால் வைக்க வேண்டும்.

எஞ்சின் பக்க ரப்பர் ஜாயின்ட்டை மடக்கிப் பார்த்தபோது உள்மடிப்பில் விரிசல். வெளியே தெரியவில்லை. இதை அப்படியே மாட்டியிருந்தால் விரிசல் வழியே காற்று ஏறி, இவ்வளவு வேலையும் ஐட்லிங் நிற்காத வண்டியில் முடிந்திருக்கும். புது ஜாயின்ட். அதைக் கழற்றியபோதே ரீடு வால்வின் (கலவையை எஞ்சினுக்குள் மட்டும் விடும் வால்வு) இதழ்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தாகிவிட்டது, இடைவெளி இல்லை, முனை சிதறவில்லை.

ஆட்டோலூப் பம்பைத் திரும்ப உயிர்ப்பித்தாயிற்று. ஆர்எக்ஸில் ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்று இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புக்கும் மற்றது ஆயில் பம்புக்கும் போகிறது. கார்ப் பக்கக் கேபிளின் தளர்வைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே பம்புப் புல்லியின் குறியை மேனுவல் சொல்லும் நிலையில் பின்னோடு நேராக்க வேண்டும். வரிசை மாறினால் ஒன்று புகையாகும், இல்லையென்றால் ஆயில் இல்லாமல் ஓடும். பம்புக் குழாயில் காற்று இல்லை என்று உறுதியாகும் வரை முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மி.லி. 2டி கலந்தே ஓட்டினோம். தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு போகும்போது, கலவைப் பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு ஆயில் அநேகமாகக் கிடைப்பதே இல்லை. பம்பு இருந்தால் எஞ்சின் சுற்றும் வரை ஆயில் வந்துகொண்டிருக்கும். பம்பைக் கழற்றி வீசக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ட்யூனிங்

ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே, கிளிப் நடுப் பள்ளம், ஒரிஜினல் ஜெட்டுகள். இரண்டாவது உதையில் பிடித்தது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சின் சூடேறிய பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.

விஎம் வகையில் இந்த ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கிறது, காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் கலவை கெட்டி, வெளியே திருகினால் வறட்சி. பிற்காலத்து நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதால் இதற்கு நேர் எதிர். இரண்டையும் குழப்பிக்கொண்டு திருகுபவர்களால் கெட்ட வண்டிகள் அதிகம். கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் எங்கே உச்சமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவால் ஐட்லிங்கைக் குறைத்து, மறுபடி ஒரு முறை. இதில் ஒன்றேகாலில் நின்றது. ஒரு சுற்றுக்குக் கீழே போக வேண்டி வந்தால் பைலட் ஜெட் ஒரு படி பெரிது வேண்டும், இரண்டரைக்கு மேலே போனால் சிறிது வேண்டும், அல்லது எங்கோ அடைப்போ கசிவோ இருக்கிறது.

ஆக்சிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்வது நல்லது. எட்டில் ஒரு பங்கு வரை பைலட், அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின். எந்தக் கோட்டில் திணறுகிறது என்று தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்பதும் தெரியும்.

காரிமங்கலம்–காவேரிப்பட்டினம் சாலையில் அரைக் கோட்டில் வைத்து ஓட்டினால் எஞ்சின் சத்தம் காய்ந்து, லேசாக அதிர்கிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று சற்று மூடினால் அந்தக் கணத்தில் இழுவை கூடுகிறது. நடுவில் வறட்சி. காரணம் பெட்ரோல். இந்த வண்டி வடிவமைக்கப்பட்டது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு. அதற்கு ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே ஜெட்டில் கலவை ஏறக்குறைய எட்டு சதவீதம் வறண்டுவிடுகிறது.

‘மேட்டுப் பகுதி, காற்று மெலிசு, கலவை தானாகவே கெட்டியாகும், கவலை வேண்டாம்’ என்று ஓசூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர். கடல் மட்டத்தை விடக் காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம் குறைவு. ஆனால் கலவை மாறுவது அடர்த்தியின் வர்க்கமூலத்தில், ஆகவே நான்கு சதவீதம்தான் கெட்டியாகும். தருமபுரி உயரத்தில் இரண்டு. இ20 எடுத்துக்கொண்டதில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. அதோடு, ஜனவரி விடியலில் 13 டிகிரியில் இருக்கும் ஓசூர்க் காற்று, மே மாத மதியம் 39 டிகிரியில் இருக்கும் தருமபுரிக் காற்றை விட அடர்த்தி கூடியது. குளிர்காலக் காலையில் ஓசூரில்தான் வண்டி அதிகமாக வறளும். உயரத்தை மட்டும் பார்த்து ஜெட்டைச் சின்னதாக்கி, பனியில் முழு ஆக்சிலேட்டரில் போய்ப் பிஸ்டன் பிடிக்க வைக்க வேண்டாம்.

கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினோம், மேலிருந்து நான்காவது. கிளிப் இறங்கினால் நீடில் ஏறும், கலவை கெட்டியாகும். நடு ஆக்சிலேட்டர் அதிர்வு போய்விட்டது. மெயின் ஜெட் ஒரு படி மேலே, சிரிஞ்சில் அளந்து, ஒரிஜினலை விட மூன்று சதவீதம் கூடுதலாக ஓடியதைத் தேர்ந்தெடுத்தோம். எட்டும் தேவைப்படவில்லை, ஏனென்றால் கம்பெனியில் இந்த எஞ்சினுக்குக் கொடுத்த மெயின் முதலிலேயே பாதுகாப்புக்காகச் சற்றுக் கெட்டியானது.

சரிபார்க்கப் புது பிளக் போட்டு, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றத்தில் அரை நிமிடம் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்ற வேண்டும். லாரிகள் விரட்டும் 44-ஆம் எண் சாலையில் வேண்டாம், சர்வீஸ் ரோடு போதும். பீங்கானின் ஆழத்தில், இரும்போடு சேரும் இடத்தில், மெல்லிய பழுப்பு வளையம். முனையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அது ஐட்லிங்கிலேயே மாறிவிடும்.

ஒன்றும் கட்டுப்படாமல் ஐட்லிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கார்பை விட்டுவிட்டு, கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள கிராங்க் சீலைப் பாருங்கள். மேக்னெட்டோ பக்கச் சீல் போனால் காற்றை இழுத்து வறளும், கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும். இந்த வண்டியில் இரண்டும் நன்றாக இருந்தது.

500 கிலோமீட்டருக்குப் பிறகு பவுலைத் திறந்தபோது அடியில் சிட்டிகை அளவு செந்நிறத் துகள். கையால் நிரடினால் துரு, மண் இல்லை. டேங்கின் ஓரத் தையலில் மிச்சமிருந்தது இறங்கியிருக்கிறது. டேப்புக்கும் கார்புக்கும் நடுவே உள்ளே தெரியும் வகைக் காகித ஃபில்டர் ஒன்று, டியூப் எங்கும் மேல்நோக்கி வளையாதபடி வைத்து மாட்டியாயிற்று. ஓட்டம் மறுபடி அளந்தபோது நிமிடத்துக்கு 230. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விட்டு, பவுலில் மிச்சமிருப்பதையும் வடித்துவிட வேண்டும்.